கிராஜுவிட்டி: முதலாளியின் பெயரில் சத்தமில்லாமல் ஏறும் கடன்

சின்னதாகத் தொழில் நடத்துபவர்களிடம் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டால் புலம்பிக்கொண்டேயாவது ஓரளவு சரியாகப் பேசுவார்கள். மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும், அதனால் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கிராஜுவிட்டி, அதாவது தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடை என்று ஆரம்பித்தால் மட்டும் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்." "நாமாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு." "தானாக வேலையை விட்டுப் போனவனுக்குக் கிடையாது." "அஞ்சு வருஷம் முடியறதுக்கு முன்னாடி கணக்கை முடிச்சிட்டுப் புதுசா சேர்த்துக்கிட்டா ஒண்ணும் வராது." நான்குமே தவறு, கடைசியாகச் சொன்னது வம்பை விலைக்கு வாங்குகிற யோசனையும்கூட.

மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையிலிருந்து பணம் போகாத செலவை யாரும் செலவாக நினைப்பதில்லை. பதினெட்டு வருடம் வேலை பார்த்த கணக்கர் ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டும்போதுதான் தொகை என்ன என்றே முதலாளி விசாரிக்கிறார்.

வாடகை அட்வான்ஸோடு ஒப்பிட்டால்

வீட்டை வாடகைக்கு விடும்போது வாங்கும் அட்வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, அவர் அதை எடுத்து மாடி கட்டலாம், மகள் கல்யாணத்துக்குச் செலவு செய்யலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது அவர் பணம் கிடையாது. குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் எடுத்து வைக்க வேண்டும். "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்று இழுக்கிற வீட்டுக்காரரை நமக்குப் பிடிக்காதது அதனால்தான்.

கிராஜுவிட்டியும் அந்த வகைதான். தொழிலாளி வேலை பார்க்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு தொகை அவர் பெயருக்குச் சேர்கிறது, அது உங்கள் தொழிலுக்குள்ளேயே கிடக்கிறது, அவர் போகும்போது கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு இடங்களில் இது அட்வான்ஸிலிருந்து மாறுபடுகிறது. ஒன்று, தொழிலாளி தன் கையிலிருந்து எதுவும் கட்டவில்லை. முழுத் தொகையும் முதலாளியின் பொறுப்பு, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இரண்டாவதுதான் முக்கியம்: அட்வான்ஸ் என்றைக்கு எவ்வளவு கொடுத்தார்களோ அவ்வளவேதான், கிராஜுவிட்டியோ போகிற நாளின் சம்பளத்தில் கணக்கிடப்படும். இதைப் பிறகு விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் முதலாளிகளுக்கு அடி விழும் இடமே அதுதான்.

யாருக்குப் பொருந்தும்?

1972இல் இந்தியா முழுமைக்கும் பணிக்கொடை வழங்கல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பெரிய மாற்றம். அவற்றை வருகிற இடத்தில் சொல்கிறேன்.

தொழிற்சாலை, சுரங்கம், தேயிலைத் தோட்டம் போன்றவை நேரடியாக இதற்குள் வரும். கடை, அலுவலகம், உணவகம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்குப் பத்து பேர் என்பது எல்லைக்கோடு. கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் பத்து பேர் வேலை பார்த்திருந்தால் போதும். தீபாவளி நெருக்கடியில் ஆட்களைக் கூட்டி, பொங்கலுக்குப் பிறகு ஆறு பேராகக் குறைத்துக்கொண்ட ஜவுளிக்கடைக்கும் இது பொருந்தும். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

அடுத்த கேள்வி, எந்தத் தொழிலாளிக்கு. ஈ.எஸ்.ஐ.யில் 21,000 ரூபாய், பி.எஃப்.பில் 15,000 ரூபாய் என்று சம்பள உச்சவரம்பு கேட்டுப் பழகியவர்கள் இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. மேனேஜருக்கும் உண்டு, கூட்டிப் பெருக்குபவருக்கும் உண்டு. தினக்கூலி, தற்காலிகம் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருப்பது பெரிதாக உதவாது, தொடர்ந்து வேலை பார்த்தாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கும் உண்டு. கடைசி மூன்று மாத வருமானத்தின் சராசரியை வைத்து அவருடைய ஒரு நாள் சம்பளம் கணக்கிடப்படும், ஓவர்டைம் அதில் சேராது. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் முறையாக எடுத்த பயிற்சியாளர்கள் மட்டும் வெளியே. "டிரெய்னி" என்று நீங்களாகப் பெயர் வைத்து ஆறு வருடம் வேலை வாங்கியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

சுருக்கமாக: பத்து பேரை ஒருமுறை தொட்ட கடையா, அப்படியானால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும்.

அந்த ஐந்து வருடம்

ஐந்து வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றாலும், தானாக ராஜினாமா செய்தாலும், நீங்கள் நிறுத்தினாலும் தொகை உண்டு. போட்டிக் கடைக்கே வேலைக்குப் போனாலும் உண்டு. அந்தக் கோபத்துக்கு இதில் இடமில்லை.

"தொடர்ச்சியாக" என்றால் ஒரு நாள்கூட விடாமல் என்று அர்த்தம் கிடையாது. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது தொடர்ச்சியான ஒரு வருடம். வாரத்தில் ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் இடமாக இருந்தால் 190 நாள். சம்பளத்தோடு கொடுத்த விடுப்பு, பணியிடத்தில் அடிபட்டு வீட்டிலிருந்த நாள், மகப்பேறு விடுப்பில் 26 வாரம் வரை, எல்லாம் வேலை பார்த்த நாளாகவே எண்ணப்படும். இதை வைத்துத்தான் சென்னை உயர்நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில், நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சொன்னது. அதாவது சுமார் நான்கு வருடம் எட்டு மாதம். தமிழ்நாட்டில் தொழில் நடத்துகிறவர் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது. "நாலே முக்கால் வருஷம்தான் ஆச்சு" என்று வாதாடிப் பார்க்கலாம், வக்கீல் செலவுதான் மிஞ்சும்.

ஐந்து வருடம் நெருங்கும்போது ஒரு மாதம் நிறுத்தி வைத்து, புது அப்பாயின்ட்மென்ட் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதே ஆள், அதே இருக்கை, அதே வேலை, நடுவில் செயற்கையாக ஒரு இடைவெளி. தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் இது நிற்பது கடினம். அதோடு இதைச் செய்தால் உங்களிடம் இருக்கும் நல்ல ஆட்கள்தான் முதலில் வெளியே போவார்கள், அது தனிக் கதை.

முக்கியமான விதிவிலக்குகள் இரண்டு. தொழிலாளி இறந்துவிட்டாலோ, விபத்தாலோ நோயாலோ இனி வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்து வருட நிபந்தனை கிடையாது. மூன்றாவது வருடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கும் அந்த மூன்று வருடத்துக்கான தொகை போக வேண்டும். முதலாளிகள் அதிகம் மறப்பது இதைத்தான், அந்தக் குடும்பத்துக்கும் பெரும்பாலும் கேட்கத் தெரியாது.

இன்னொன்று புதிது. எழுத்து மூலமாக, இந்தத் தேதி வரைக்கும் என்று காலம் குறித்து வேலைக்கு எடுத்தவர்களுக்கு, அதாவது குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, இப்போது ஒரு வருடமே போதும். ஒப்பந்தம் முடியும்போது வேலை பார்த்த காலத்துக்கு விகிதப்படி கொடுக்க வேண்டும். "காண்ட்ராக்ட்டில் எடுத்தால் தொல்லை இல்லை" என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த ஆலோசனை காலாவதியாகிவிட்டது.

பதினைந்தும் இருபத்தாறும்

சரி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். சம்பளம் என்றால் பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளமும், விலைவாசிக்காகக் கொடுக்கும் பஞ்சப்படியும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க 26ஆல் வகுக்க வேண்டும், 30ஆல் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் மாதத்தில் வேலை நாள் 26, அந்த 26 நாளில்தான் தொழிலாளி மாதச் சம்பளத்தைச் சம்பாதிக்கிறார் என்பது இதன் தர்க்கம். 1984இல் ஜீவன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது, பிறகு சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய் வாங்குகிறவர் 11 வருடம் 7 மாதம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளம் 700. பதினைந்து நாளுக்கு 10,500. ஆறு மாதத்துக்கு மேல் போன காலம் முழு வருடமாக எண்ணப்படும் என்பதால் வருடம் 12. மொத்தம் 1,26,000 ரூபாய். அவரே 11 வருடம் 5 மாதத்தில் போயிருந்தால் 11 வருடத்துக்கு 1,15,500. தெரியாத்தனமாக 30ஆல் வகுத்தால் 12 வருடத்துக்கு 1,09,200 என்று வரும். 16,800 ரூபாய் குறைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இந்த ஆறு மாத விதியை ஐந்து வருட நிபந்தனையோடு போட்டுக் குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நான்கு வருடம் ஏழு மாதத்தை ஐந்தாக முழுமையாக்க முடியாது. முதலில் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தகுதி வந்த பிறகுதான் வருடத்தை முழுமையாக்கும் பேச்சு.

சீசன் நேரத்தில் மட்டும் ஓடும் தொழிலில், சீசனுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு சீசனுக்கும் ஏழு நாள் சம்பளம். எல்லோருக்கும் பொதுவாக உச்சவரம்பு 20 லட்சம், 2018 மார்ச் 29 முதல் இந்தத் தொகை. அதற்கு மேல் நீங்களாகக் கொடுக்க விரும்பினால் சட்டம் தடுக்காது.

கடைசிச் சம்பளம் என்னும் பொறி

5,200 ரூபாய்க்குச் சேர்ந்த ஒருவர் இருபது வருடம் கழித்து 26,000 வாங்குகிறார். சேர்ந்த காலத்துச் சம்பளத்தில் ஒரு வருடக் கிராஜுவிட்டி 3,000 ரூபாய். அப்போது ஒரு முதலாளி கவனமாக 3,000 ரூபாயை எடுத்து வைத்து, சரி, அந்த வருடக் கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தால், முடியவே இல்லை. அவர் இன்று விலகினால் இருபது வருடத்துக்குமே இன்றைய சம்பளம்தான் அடிப்படை. ஒரு நாளுக்கு 1,000, வருடத்துக்கு 15,000, மொத்தம் 3,00,000. முதல் வருடத்தின் விலையும் 15,000 ஆகிவிட்டது.

இதன் விளைவு என்னவென்றால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு இன்கிரிமென்ட்டும் கழிந்துபோன வருடங்கள் அனைத்தையும் மறுபடி விலையேற்றுகிறது. அதே தொழிலாளிக்கு 2,600 ரூபாய் ஏற்றினால் மாதச் செலவு 2,600 கூடுகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. அன்றைக்கே கிராஜுவிட்டிக் கடன் 30,000 ரூபாய் ஏறியது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாளுக்கு 100, அதைப் பதினைந்தால் பெருக்கி, மறுபடி இருபதால் பெருக்கிப் பாருங்கள். சம்பளம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றும்போது இரண்டு தொகைகளையும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பெரிய கம்பெனிகளின் சம்பளக் கடிதத்தில் கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறெங்கிருந்தும் வந்ததில்லை, பதினைந்தை 26ஆல் வகுத்து, மறுபடி 12ஆல் வகுத்தால் வரும் எண்தான். இந்த மாதச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று சொல்லுமே தவிர, பழைய வருடங்கள் விலையேறுவதை அது பிடிக்காது. அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வருடத்தில் விலகும் இளைஞர்கள் "என் கிராஜுவிட்டி எங்கே" என்று கேட்பதும் நடக்கிறது. ஐந்து வருடம் முடியாத நிரந்தரத் தொழிலாளிக்கு அது கையில் வராது.

பேசிக்கைக் குறைத்து வைத்தால்?

இதுவரைக்கும் இதுதான் எல்லோருடைய குறுக்குவழி. மொத்தச் சம்பளம் 30,000. அதில் பேசிக் 9,000, மீதி 21,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சிறப்புப்படி என்று பிரித்துப் போட்டுவிடுவது. பழைய சட்டத்தில் கிராஜுவிட்டிக்கு 9,000தான் கணக்கு. பத்து வருடத்துக்கு 51,923 ரூபாயோடு முடிந்துவிடும்.

புதிய தொகுப்பில் சம்பளத்துக்கான விளக்கமே மாறிவிட்டது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு திரும்பச் சேரும். மேலே சொன்னதில் பாதி என்பது 15,000. படிகள் 21,000. தாண்டியது 6,000. ஆக சம்பளம் 9,000 அல்ல, 15,000. பத்து வருடத்துக்கு 86,538 ரூபாய். சம்பளச் சீட்டை ஒரு வரிகூட மாற்றாமலே உங்கள் கடன் மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் வருடங்களாலும் பெருக்க வேண்டும், அந்தச் சம்பளம் மொத்தத்தில் பாதிக்குக் கீழே இருக்க முடியாது.

கொடுக்கும் நேரத்தில்

விலகிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம். தொழிலாளி விண்ணப்பம் கொடுக்கவில்லை என்பது காரணமாகாது. அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தாமதித்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் சாதாரண வட்டி. தாமதமாக வந்து கேட்டார் என்பதற்காகவும் மறுக்க முடியாது.

கொடுக்கவில்லை என்றால் அவர் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போவார். அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் உத்தரவிட்ட தொகையைக் கட்டிவிட்டுத்தான். அப்படியும் கொடுக்காவிட்டால் மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரிப் பாக்கி மாதிரி வசூலிப்பார்கள்.

"முழுக் கணக்கும் முடிந்தது, இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்பார்கள். சட்டப்படி சேர வேண்டியதற்குக் குறைவாகக் கொடுக்க எந்த ஒப்பந்தத்தாலும் முடியாது. அந்தக் காகிதம் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

பிடித்து வைக்க முடியுமா என்றால், மிகக் குறுகலான வழிதான். வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சொத்துக்கு நஷ்டம் விளைவித்ததற்காக வேலையிலிருந்து நீக்கினால், அந்த நஷ்டத்தின் அளவுக்கு மட்டும். அடிதடி, வன்முறைக்காகவோ, வேலையின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ நீக்கினால் பகுதியாகவோ முழுதாகவோ. இதெல்லாம் முறையாக விசாரணை நடத்தி, நீக்கிய பிறகு. அவர் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டுவிட்டு, "ஸ்டாக் குறையுது" என்று பிறகு கழிப்பது செல்லாது. நோட்டீஸ் கொடுக்காமல் போய்விட்டார், ஆள் சரியில்லை என்பதெல்லாம் காரணமே கிடையாது.

பணத்துக்கு வழி

மார்ச் 31 அன்று ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதி, சேர்ந்த தேதி, முடித்த வருடம், இன்றைய சம்பளம், இன்றே எல்லோரும் விலகினால் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். முதல்முறை பார்க்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். நடக்கிற தொழிலை ஆட்களோடு விலைக்கு வாங்குகிறவர்கள் இந்தத் தாளைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. பழைய முதலாளியிடம் பார்த்த வருடங்களும் தொடர்ந்தே எண்ணப்படும், சரக்கையும் நாற்காலியையும் எண்ணி விலை பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தொகையைக் கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கி வைத்தால் மட்டும் வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்கள். உண்மையில் கொடுத்த வருடத்தில் செலவு, அல்லது வருமான வரித் துறை அங்கீகரித்த கிராஜுவிட்டி நிதிக்குக் கட்டினால் கட்டிய வருடத்தில் செலவு. எல்.ஐ.சி.யின் குழுக் கிராஜுவிட்டித் திட்டம் இந்த இரண்டாவது வழிக்குத்தான் உதவுகிறது. வருடா வருடம் ஒரு தொகை கட்டுகிறீர்கள், ஒருவர் விலகும்போது அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். நிதியில் இருப்பது போதாவிட்டால் மீதியை நீங்கள்தான் போட வேண்டும். இருபது முப்பது பேர் இருக்கும் கடைக்கு இது வசதியானது. ஏழெட்டு பேராகக் குறைந்துவிட்ட இடத்துக்குத் தனியாக ஒரு வைப்புத்தொகை போதும் என்பது என் கருத்து, வரிச் சலுகை உடனே கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டால் சரி.

இன்னொரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஒரு வருடம் முடித்த ஒவ்வொருவரிடமும் நாமினேஷன் படிவம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரை எழுதிக் கொடுத்தவர்களிடம் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்குங்கள், குடும்பம் வந்த பிறகு நாமினி குடும்பத்துக்குள் இருக்க வேண்டும். படிவமே இல்லாமல் ஒருவர் இறந்துபோனால் பணம் வாரிசுகளுக்குப் போகும், யார் வாரிசு என்ற சான்றிதழ் தாலுகா ஆபீஸிலிருந்து வரும்வரை அந்தக் குடும்பமும் காத்திருக்க வேண்டும், நீங்களும் காத்திருக்க வேண்டும்.